கல்யாணப் பெண்ணின் இடது புருவம்

நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டால் பேச வேண்டியதில்லை. புருவம் எடுக்கும் வேலையில் எனக்குப் பிடித்தது அதுதான்.

தொண்ணூறுகளின் கடைசி. பிரேசர் டவுனில் ஒரு பியூட்டி பார்லர். இரண்டு நாற்காலி, ஒரு மேடம், நான். அதற்கு முன் ஜீவனஹள்ளியில் வீட்டில் ஊதுபத்தி உருட்டிக்கொண்டிருந்தேன். மேடம் என்னை இன்னும் வேலைக்கு எடுக்கவில்லை. சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு கல்யாணப் பொண்ணுக்கு ஐப்ரோ ஒழுங்கா பண்ணிக் காட்டு. பர்மனென்ட் பண்றேன். சொதப்பினா வீட்டுக்குப் போயி ஊதுபத்தியே உருட்டு."

என் வீட்டுக்காரர் கொத்தனார். சுவருக்கு நூல் பிடித்து மட்டம் பார்ப்பார். நானும் அப்படித்தான். முடித்ததும் இரண்டு புருவத்துக்கும் மேலே நூலை நேராக இழுத்துப் பிடிப்பேன். இரண்டு வளைவும் தொட வேண்டும். அப்போது மெல்லிசுப் புருவம்தான் பேஷன். ஒரு முடி தப்பினாலும் வாசலிலிருந்தே தெரியும்.

கல்யாணப் பெண் வந்தாள். மூன்று நாளில் கல்யாணம். நூலைக் கடித்துக்கொண்டு ஆரம்பித்தேன். முடித்து நூல் பிடித்தேன். இரண்டும் தொட்டன. மேடம் குனிந்து பார்த்துத் தலையாட்டினார்.

ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தாள். கூடவே மாப்பிள்ளையின் அம்மா. தையல்கடையில் இவளைப் பார்த்துவிட்டுக் கையோடு இழுத்து வந்திருந்தார்.

"இன்னாம்மா பண்ணி வெச்சிருக்கீங்க? ஒண்ணு தரையில இருக்கு, ஒண்ணு மாடியில இருக்கு! போட்டோவுல பாக்கறவங்க பொண்ணு ஏதோ சந்தேகம் கேக்குதுன்னுல்ல நெனைப்பாங்க?"

பார்த்தேன். பொய்யில்லை. இடது புருவம் ஏறித்தான் நின்றது. மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு ஊதுபத்தி வாசனை வந்தது.

"சரி பண்ணிடலாம் ஆன்ட்டி. நீங்க ஃபேனுக்குக் கீழ உக்காருங்க" என்று மேடம் அவரை முன்னறைக்கு அனுப்பிவிட்டுத் திரையை இழுத்தார்.

பெண்ணை உட்கார வைத்து நூல் பிடித்தேன். மட்டம். மேடம் நூலை வாங்கித் தானே பிடித்துப் பார்த்தார். மட்டம்.

"ஏய், அதுக்குள்ள கை வெச்சியா?"

"இல்ல மேடம்."

"பின்ன எப்படி எறங்குச்சு?"

திரைக்குள் ஒரு தலை நுழைந்தது. "ஆச்சா?"

இடது புருவம் ஏறியது. தலை வெளியே போனது. புருவம் இறங்கியது.

மேடம் வாயைப் பொத்திக்கொண்டு வாஷ்பேசின் பக்கம் திரும்பிவிட்டார். "என்னக்கா, ரொம்ப கோணலா இருக்கா?" என்றாள் பெண். ஏற்றுவது அவளுக்கே தெரியவில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அம்மாவின் கண்ணுக்கு மட்டமாகத் தெரிந்தால்தான் எனக்கு வேலை. அதற்கு இடது புருவத்தின் மேல்வரிசையை எடுக்க வேண்டும். எடுத்தால், அவர் இல்லாத நேரத்தில் அது தாழ்ந்து கிடக்கும். எந்த முகத்துக்குப் பண்ணுவது? பெண்ணைத்தான் கேட்க வேண்டும். காரணம் சொல்ல முடியாது. திரை மெல்லிசு.

"கல்யாணத்துக்கு அப்புறம் தனியா, கூடவா?"

"எதுக்கா?"

"குடித்தனம்."

"கூடத்தான். அத்தை ரூமுக்கு அடுத்த ரூம்."

திரையை விலக்கினேன். "அம்மா, உள்ள வாங்க. பொண்ணு பக்கத்துலயே குந்துங்க."

"நான் எதுக்கு?"

"நீங்க பாத்துச் சொல்லுங்க."

அது அவருக்குப் பிடித்துவிட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு, பெண்ணின் முழங்கையை இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். புருவம் மாடிக்குப் போனது. நூலைக் கடித்தேன்.

"இன்னும் எடும்மா. இன்னும். இன்னும் கொஞ்சம்."

அவர் சொல்லச் சொல்ல அது இன்னும் ஏறியது. இப்படியே போனால் புருவமே மிஞ்சாது. நிறுத்தச் சொல்லலாம் என்றால் என் வாயில் நூல். மேடம் ஓடிப்போய் ஒரு டீ வாங்கிவந்து அவர் கையில் கொடுத்தார். அவர் குடித்து முடிப்பதற்குள் நான் முடித்தேன்.

நூல் பிடித்தேன். இரண்டும் தொட்டன.

"பாத்தியா? நான் கூட இருந்தாதான் வேலை ஒழுங்கா நடக்குது" என்றார் அந்த அம்மா.

அது என்னவோ உண்மைதான்.

அவர்கள் போனதும் மேடம், "நாளையிலருந்து கல்யாணப் பொண்ணுங்க உன் சீட்டுக்கு" என்றார். அத்தோடு என் ஊதுபத்தி முடிந்தது.

அதன் பிறகு மாமியாரும் மருமகளும் மாதாமாதம் சேர்ந்தே வந்தார்கள். அப்படியே எடுத்துவிடுவேன். ஒரு வருஷம் இருக்கும், பெண் தனியாக வந்தாள். கல்யாண ஆல்பத்தைக் கொண்டுவந்திருந்தாள். மாமியாரோடு நிற்கிற படமெல்லாம் மட்டம். மாப்பிள்ளையோடு மட்டும் நிற்கிற படத்தில் இடது பக்கம் தாழ்ந்திருந்தது.

"இதைப் பாத்துதான் எனக்கே தெரிஞ்சுது. அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்லக்கா?"

"தனியா, கூடவான்னு கேட்டேனே" என்றேன்.

சிரித்தாள். "இப்ப தனியா வந்துட்டோம்க்கா. காக்ஸ் டவுன் பக்கம் வாடகை வீடு."

"அப்ப மேல்வரிசையத் தொடக் கூடாது. வளரட்டும்."

"சரிக்கா. ஆனா ஞாயித்துக்கிழமை ஆனா அத்தை சாப்பிட வந்துடுவாங்க."

"ஞாயித்துக்கிழமைக்கு ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லிவிட்டு நூலைக் கடித்துக்கொண்டேன்.