வெறுங்கால்

என் ஹைபிரிட் எஸ்.யூ.வி. லிட்டருக்குப் பதினாறு கிலோமீட்டருக்கு மேல் தந்ததே இல்லை; ஷோரூமில் சண்டையும் போட்டிருக்கிறேன். கை சுளுக்கியிருந்த ஒருநாள், ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போய்வர ஆக்டிங் டிரைவர் ஒருவரை அழைத்தேன். நரைத்த மீசைக்காரர். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் ஓட்டினார். பாம்பன் பாலத்து எதிர்க்காற்றிலும் அந்தக் கால் அவசரப்படவில்லை. வீடு திரும்பியபோது திரையில் இருபத்து நான்கு.

“எப்படிண்ணே?” என்றேன்.

“கடல்ல வல்லம் ஓட்டுனவன் சார். அங்கன காத்தோட மல்லுக்கு நின்னா, கரைக்கு வர டீசல் காணாது.”

“அப்ப வண்டி மேல தப்பில்ல,” என்றாள் பின்சீட்டிலிருந்த என் மனைவி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு அவரை நான் அழைக்கவேயில்லை. தனியாகப் போகும்போது மட்டும் செருப்பைக் கழற்றி வைத்துக்கொள்கிறேன். பதினாறுதான் வருகிறது.