எதிரே ஆள் இல்லாத ஆட்டம்

சிவப்பு ஒன்பதைக் கறுப்புப் பத்தின் மேல் வைத்துவிட்டு, தலையைத் தூக்காமலே இடது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி ஆட்டுகிறார். “வா... வா... இன்னும் கொஞ்சம்... போதும்யா, நிறுத்து!” ஜல்லி லாரி எடைமேடையின் நடுவில் வந்து பெருமூச்சு விட்டு நிற்கிறது. மேசை அதிர்கிறது; சீட்டுகள் நழுவாமலிருக்க இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து அமுக்கிக்கொள்கிறார். எண் பலகை ஆடி அடங்கியதும் பொத்தானைத் தட்டி, ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, கறுப்பு எட்டு எங்கே போய்த் தொலைந்தது என்று மறுபடி தேடத் தொடங்குகிறார்.

லாரிக்காரர்களுக்கு அவர் ‘தராசு அண்ணன்’. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. கண்ட பாரத்தையெல்லாம் எடை போடுகிற மனிதர். அவரையே மேடையில் ஏற்றி நிறுத்தினால் எண் மாறுமா என்பது சந்தேகம்தான், அப்படி ஒரு ஒல்லி. வெயில் மண்டையைப் பிளக்கும், ஆனாலும் மின்விசிறியைப் போட மாட்டார், சீட்டு பறந்துவிடுமாம். துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த அறையில் இரண்டாவது நாற்காலி கிடையாது. இருந்த ஒன்றையும் அவரே தூக்கிக்கொண்டு போய்க் காவல்காரரிடம் கொடுத்துவிட்டார். மேனேஜரே வந்தாலும் நின்றுகொண்டுதான் பேச வேண்டும்.

“ஒத்தையா உக்காந்து என்னண்ணே ஆடுறீங்க?” என்று புதிதாக வந்த டிரைவர் எவராவது கேட்டுவிட்டால் போதும், பாடம் ஆரம்பம்.

“அம்பத்திரண்டையும் முகத்தைக் காட்டி எட்டு வரிசையா பரப்பிடணும். ஒளிச்சு வைக்கிற சீட்டே கிடையாது. வரிசையில கடைசியா இருக்குற சீட்டைத்தான் எடுக்கலாம், அதுவும் ஒண்ணொண்ணா. பத்து மேல ஒம்போது, ஒம்போது மேல எட்டுன்னு இறங்கணும். கறுப்புக்கு மேல சிவப்பு, சிவப்புக்கு மேல கறுப்பு. ஆஸ் கிடைச்சா தனியா மேல வச்சுக்க. அதுல மட்டும் இஸ்பேடுக்கு மேல இஸ்பேடுதான், ஆட்டினுக்கு மேல ஆட்டின்தான். ரெண்டு, மூணுன்னு ராஜா வரைக்கும் ஏறணும். நாலு ராஜாவும் ஏறிட்டா ஜெயிச்சாச்சு. வழியை மறிக்கிற சீட்டை ஒதுக்கி வைக்க நாலு இடம் இருக்கு. நாலும் ரொம்பி, வேற வழியும் இல்லைன்னா கதை கந்தல்.”

“ஜெயிச்சா யாருண்ணே குடுப்பாங்க?”

“ஒருத்தனும் குடுக்க மாட்டான். தோத்தா ஒருத்தனும் புடுங்கவும் மாட்டான். லாரியை எடு, பின்னாடி வண்டி நிக்குது.”

புடுங்கக் கொடுத்த கதை அவருக்குத் தெரியும். டயர் கடைக்குப் பின்னால் தார்ப்பாயை விரித்து ரம்மி ஆடிய காலம் அது. ஒவ்வொரு நாளும் தோற்றார். ஒவ்வொரு நாளும் “சீட்டு சரியா விழலை” என்றார். உட்கார்ந்த இடத்தை மாற்றிப் பார்த்தார், செருப்பைக் கழற்றி வைத்துப் பார்த்தார், எதிரே இருப்பவன் கண் சரியில்லை என்றும் சொல்லிப் பார்த்தார். கடைசியில் மனைவியின் தையல் மெஷின் வீட்டைவிட்டுப் போயிற்று. அதற்கு மறுநாள் மனைவியும் மகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். வெறும் வீட்டில் தானே சமைத்துத் தானே தின்று, அப்புறம்தான் புத்தி வந்தது. விட்டார். அவளும் திரும்பி வந்தாள்.

ஆனால் கை விடவில்லையே! ஒரு நாள் தன்னையறியாமல் எடை ரசீதுகளைச் சீட்டுக்கட்டுபோலக் கலைத்து, வெட்டி, வரிசையில் நின்ற டிரைவர்களுக்கு ஆளுக்கொன்றாகப் போட்டுவிட்டார். மணல் லாரிக்கு இரும்பு லாரியின் எடை, இரும்புக்குத் தவிட்டின் எடை. மேனேஜர் குதித்த குதியில் எடைமேடையே ஆடியது. விஷயம் வீட்டுக்கு எட்டியதும் தலையிலடித்துக்கொண்ட மனைவி, தானே கடைக்குப் போய் ஒரு சீட்டுக்கட்டு வாங்கி வந்து அவர் முன் வைத்தாள்.

“கை சும்மா இருக்காதுன்னா நீங்களே போடுங்க, நீங்களே எடுங்க. எதிர்ல இன்னொரு ஆள் உக்காந்து சீட்டைத் தொட்டான்னு கேள்விப்பட்டேன், அப்புறம் நான் திரும்பி வர மாட்டேன். அண்ணன் வீடும் எட்டத்துல இல்ல. இந்தத் தடவை போனா போனதுதான்.”

இந்த ஆட்டம் அவருக்குப் பிடித்துப்போனதற்கு அதில் சாக்குச் சொல்ல முடியாது என்பதுதான் காரணம். எல்லாச் சீட்டும் முதலிலிருந்தே கண்ணெதிரே கிடக்கிறது. சிக்கிக்கொண்டால், “நான்தான்” என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் அள்ளிக் கலைப்பார். வெளியே நிற்கும் டிரைவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

போன வாரம் நல்ல மழை. சாலை மூழ்கி, லாரி ஒன்றுகூட வரவில்லை. பழைய ரம்மிக் கூட்டாளிகளான டயர் கடைக்காரரும் கிரேன் டிரைவரும் நனைந்துகொண்டே உள்ளே வந்தார்கள். கையோடு இரண்டு பெயிண்ட் டப்பாக்கள். மேசைக்கு எதிரே கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

“மாப்ள, ஒரு கை குறையுது. மழை விடுற வரைக்கும்தான்” என்றார் டயர் கடைக்காரர்.

“ஆடுறதில்லைன்னு தெரியும்ல?”

“காசு வச்சா ஆடுறோம்? சும்மாடா. இந்த மழையில வீட்டுக்கு யாரு போய்ச் சொல்லப்போறா?” மேசைமேல் ஒரு கட்டு வந்து விழுந்தது. புத்தம் புதிது, கண்ணாடித்தாள்கூடப் பிரிக்கவில்லை.

பொய் சொல்வானேன், அவர் பயந்துதான் போனார். ‘போங்கடா’ என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் கை கட்டைப் பிரித்துவிட்டது. ஜோக்கர்களை ஒதுக்கியது, இரண்டாகப் பிளந்தது, சரசரவென்று கலைத்தது. பாழாய்ப்போன கை ஒன்றையும் மறக்கவில்லை!

“அப்படிப் போடு! பழைய ஆளு வந்துட்டாண்டா” என்று கிரேன் டிரைவர் டப்பாவை முன்னுக்கு இழுத்துக்கொண்டார்.

தராசு அண்ணன் கட்டை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். பிறகு மூட்டைகளில் அடையாளம் எழுதுகிற தடிப் பேனாவை எடுத்து, மேலே இருந்த சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, திரும்பக் கவிழ்த்து, அதன் முதுகில் கொட்டை எழுத்தில் ‘இஸ்பேடு 7’ என்று எழுதினார்.

“டேய்! புதுக் கட்டுடா! முதுகுல எழுதிட்டா அப்புறம் எவன் இதை வச்சு ரம்மி ஆடுறது?” என்று அலறினார் டயர் கடைக்காரர்.

தராசு அண்ணன் நிமிரவில்லை. மை காய ஊதிவிட்டு, அடுத்த சீட்டை எடுத்தார்.