குரலுக்கு மட்டும் வேலை

அந்தக் கம்பெனியில் பாதிப் பேருக்கு அவளுடைய பெயர் தெரியாது. ஹலோ மேடம் என்று சொன்னால்தான் தெரியும். வாஷிங் மெஷினும் ஃபிரிட்ஜும் விற்று, விற்றதைப் பழுதும் பார்க்கிற கம்பெனி அது. மாடிப்படிக்கு அடியில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் டெலிபோன் போர்டு, அதற்குப் பின்னால் இவள். கல்யாணம் செய்துகொள்ளாமல் அந்த போர்டுக்கே வாழ்க்கைப்பட்டுவிட்டாள் என்று கேலி செய்வார்கள். மெஷின் ஓடவில்லை என்று கத்திக்கொண்டே போன் செய்கிறவன், இவள் இரண்டு வார்த்தை பேசியதும் அடங்கிப் போவான். அப்படி ஒரு குரல்.

அந்தக் குரலுக்குத்தான் ஒருநாள் ஆபத்து வந்தது. மேலே கூப்பிட்டு, ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, எழுதிக் கொடுத்த வாக்கியங்களை மைக்கில் படிக்கச் சொன்னார்கள். "வணக்கம். உங்கள் அழைப்புக்கு நன்றி. பழுது பார்க்க ஒன்றை அழுத்தவும்." இப்படி ஒரு பக்கம். இத்தனை வருடத்தில் தன்னை மேலே கூப்பிட்டு ஒரு நாற்காலி போட்டதே அவளுக்குப் பெருமை. முதல்நாள் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்துவிட்டு, இருப்பதில் நல்ல உடையாகப் பார்த்து உடுத்திக்கொண்டு போயிருந்தாள். மறுபடி படிக்கச் சொல்லத் தேவையே இல்லாமல் ஒரே மூச்சில் படித்து முடித்தாள். எல்லாரும் கை தட்டினார்கள், இவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சொந்தக் குரலிலேயே சூனியம் வைத்துக்கொண்டாள் என்பது அடுத்த மாதம்தான் தெரிந்தது.

பணியாளர் பிரிவு மேனேஜர் நல்ல மனிதர்தான். அதுதான் கொடுமை. திட்டி அனுப்பியிருந்தால் திருப்பித் திட்டியாவது மனதை ஆற்றிக்கொண்டிருக்கலாம். அவர் ஒரு உறையை இரண்டு கையாலும் நீட்டி, "நாளைலேருந்து நீங்க சிரமப்பட்டு வர வேண்டாம் மேடம். இனிமே போன்ல உங்க பதிவே பேசிக்கும். கம்பெனி உங்களைச் சும்மா அனுப்பல, மூணு மாசச் சம்பளம் இருக்கு" என்றார். அவள் பழக்கதோஷத்தில் நன்றி சொல்லிவிட்டாள். எதற்கு நன்றி சொன்னோம் என்பது வீட்டுக்கு நடக்கும் வழியில்தான் உறைத்தது.

வீட்டில் சின்னவள் இருந்தாள். கூடப் பிறந்த தங்கை. வயது நாற்பதைத் தொட்டிருந்தாலும் மனசு ஏழெட்டு வயதில் நின்றுபோனவள். அவளுக்கு உலகத்தில் தெரிந்த போன் நம்பர் ஒன்றே ஒன்று, அக்காவின் ஆபீஸ் நம்பர். பக்கத்து வீட்டுக்காரி மதியம் வந்து தட்டில் சோறு போட்டு வைத்துவிட்டுப் போவாள். சின்னவள் உடனே தொடமாட்டாள். முதலில் போன் செய்வாள். அக்கா ஆபீஸ் குரலில் வணக்கம் சொல்லிவிட்டு, சுற்றும்முற்றும் பார்த்து, குரலைத் தணித்து, "சாப்டியாடி?" என்று கேட்பாள். "இதோ" என்று போனை வைத்துவிட்டு சின்னவள் சாப்பிட உட்காருவாள். அந்தக் கேள்வி காதில் விழாமல் ஒரு வாய் இறங்காது.

வேலை போன பிறகும் சின்னவள் போன் செய்வதை நிறுத்தவில்லை. இவள் அடுப்படியில் நின்றிருக்க, அவள் கூடத்தில் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, ஆபீஸ் போனில் பதிவாகியிருக்கும் அக்காவின் குரல் பேசுவதைக் கடைசிவரை கேட்டுக்கொண்டிருப்பாள்.

"நான் இங்கதான்டி இருக்கேன். சாப்டியா?"

"ஷ்ஷ். அக்கா பேசறா."

எத்தனை சொல்லியும் ஏறவில்லை. கடைசியில் இவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, செல்போனிலிருந்து வீட்டு போனுக்கே அடித்து, "சாப்டியாடி?" என்று கேட்க வேண்டியிருந்தது. "இதோ" என்று பதில் வரும். வாளிக்குப் பக்கத்தில் நின்றபடி சிரிப்பாள். சிரித்து முடித்ததும் அழுகை வரும். குழாயைத் திறந்துவிட்டு அழுவாள்.

வேறு ஊரில் இருந்த அண்ணன் கெட்டவன் இல்லை. இரண்டு வீட்டு வாடகை அவனுக்குத் தாங்காது, அவ்வளவுதான். "எங்க வீட்டுப் பின்ரூமுக்கு நீ வந்துடு. சின்னவளுக்கு ஒரு காப்பகம் பாத்து வச்சிருக்கேன். சுத்தமா இருக்கு, நல்லா பாத்துக்கறாங்க" என்றான்.

"கம்பெனி குடுத்த பணம் தீரட்டும் அண்ணே. அதுக்குள்ள வேலை கிடைக்கலைன்னா நீ சொல்றபடி கேக்கறேன். கிடைச்சிட்டா அவ என்கூடத்தான் இருப்பா."

சரி என்றான். பணம் தீர்வதற்குள் ஒரு வேலை. சின்னவளின் கட்டில் அந்த வீட்டில் இருப்பதும் இல்லாமல் போவதும் அதில்தான் இருந்தது.

இவள் ஏறி இறங்காத படி இல்லை. டெலிபோன் ஆபரேட்டர் என்று இப்போது யாரும் ஆள் வைப்பதில்லை என்றார்கள். கம்ப்யூட்டர் தெரியுமா என்றார்கள். ஓட்டல் ஒன்றில் வரவேற்புக்கு ஆள் வேண்டுமென்று போட்டிருந்தது. அங்கே இருந்தவர் இவள் முகத்தையும் நரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தகவல் சொல்கிறோம் என்றார். அந்தத் தகவலுக்காகக் காத்திருந்து செல்போன் தேய்ந்ததுதான் மிச்சம். பணம் கரைந்தது. பக்கத்து வீட்டுக்காரியிடம் கைமாற்று வாங்க இரண்டுமுறை வாசல்வரை போய்த் திரும்பிவந்தாள்.

கடைசியாக ஒரு கண் ஆஸ்பத்திரி. நோயாளிகளுக்கு போனில் நேரம் குறித்துக் கொடுக்க ஆள் தேவை. ஏற்கெனவே இரண்டு பெண்கள் அங்கே போனும் கையுமாகத் திணறிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி மேனேஜருக்கு இவள் பேச்சு பிடித்துவிட்டது.

"வயசானவங்கதான் நிறைய போன் பண்றாங்க. உங்களை மாதிரி நிதானமா பேசற ஆள்தான் வேணும். திங்கக்கிழமை சேர்ந்துக்க முடியுமா?"

இவள் சட்டென்று தலையை ஆட்டினாள். சின்னவளின் கட்டிலை ஜன்னலோரம் நகர்த்திப் போட வேண்டும் என்று அந்த நிமிடத்தில் ஏனோ தோன்றியது.

"பழைய கம்பெனில ஒரு வார்த்தை விசாரிச்சுக்கறேன், வழக்கம்தான்" என்று மேனேஜர் ஸ்பீக்கரைப் போட்டு எண்ணை அழுத்தினார்.

"வணக்கம். உங்கள் அழைப்புக்கு நன்றி."

மேனேஜர் போனைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"என்ன மேடம் இது? வேலை போயிடுச்சுன்னு சொன்னீங்க. அங்க நீங்கதான பேசறீங்க?"

"அது நான்தான் சார். ஆனா நான் அங்க இல்ல."

சொன்ன பிறகு அவளுக்கே அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. அவர் நம்பவில்லை. பொய்க்காரி என்று அனுப்பிவிடுவாரோ என்ற பயத்தில் இவள் மேஜையை நோக்கிக் குனிந்து, போனோடு சேர்ந்து பேச ஆரம்பித்தாள். பழுது பார்க்க ஒன்றை அழுத்தவும், உதிரி பாகங்களுக்கு இரண்டை அழுத்தவும். இரண்டு குரலும் ஒரு இழை பிசகாமல் ஒன்றாகப் போயின.

மேனேஜர் அசந்துபோய்ச் சாய்ந்து உட்கார்ந்தார். போனைத் திரும்பவும் பார்த்தார்.

"பிரமாதம் மேடம். இப்படி ஒண்ணு இருக்கறது எனக்குத் தோணவே இல்ல பாருங்க. ஒருநாள் வந்து எங்களுக்கும் இதே மாதிரி பேசிக் குடுத்துடுங்க. நல்ல தொகையா போட்டுத் தர்றேன்."

"அப்போ திங்கக்கிழமை, சார்?"

"இது இருந்தா ஆள் எதுக்கு மேடம்?" அவர் கள்ளமில்லாமல்தான் கேட்டார். வெளியே இரண்டு பெண்களும் இவளைப் பார்த்துச் சிரித்தார்கள். புதிதாகச் சேரப்போகிறவள் என்று நினைத்திருப்பார்கள். இவளால் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

போகக்கூடாது என்றுதான் இரவெல்லாம் நினைத்தாள். ஆனால் உறையில் இருந்தது தீர்ந்துவிட்டது. காப்பகத்தில் சேர்க்க மாற்றுடை, போர்வை, செருப்பு என்று கேட்டிருந்தார்கள். அண்ணனிடம் அதற்கும் கை நீட்ட மனம் வரவில்லை. போனாள். அந்தப் பெண்களைத் தாண்டி உள்ளே போகும்போது தலையைக் குனிந்துகொண்டாள்.

படித்தாள். கண் பரிசோதனைக்கு ஒன்று, அறுவை சிகிச்சைக்கு இரண்டு. கடைசி வாக்கியம் முடிந்தது. சுவரில் கடிகாரம் மதியச் சாப்பாட்டு நேரம் காட்டியது. இத்தனை வருடப் பழக்கம், குரல் தானாகத் தணிந்து, "சாப்டியாடி?" என்று வந்துவிட்டது.

ஒலிப்பதிவுக்காரர் காதுக் கருவியைக் கழற்றினார். "கடைசில ஒண்ணு சொன்னீங்களே, அது வேண்டாம் மேடம். வெட்டிடறேன்."

"வெட்டினதை எனக்குத் தர்றீங்களா?"

அவர் ஒருமாதிரி பார்த்துவிட்டு, அந்தத் துண்டை அவளுடைய செல்போனுக்கு அனுப்பினார்.

சின்னவளைக் காப்பகத்தில் விட்டுவிட்டு இவள் அண்ணன் வீட்டுக்குப் போன மூன்றாம் நாளே போன் வந்தது. ஒரு வாய் சாப்பிடவில்லை. வேளாவேளைக்கு அக்கா போனில் கேட்டால் சாப்பிடுவாள் என்று இவள் சொல்லிப் பார்த்தாள். இத்தனை பேரை வைத்துக்கொண்டு ஒருத்திக்காக மூன்று வேளையும் ஆபீஸ் போனைக் கொடுக்க முடியாது என்றார் காப்பாளர். இவள் பஸ் ஏறிப் போய், வெட்டிய துண்டை அங்கிருந்த ஆயாவின் போனில் ஏற்றிக் கொடுத்தாள். ஆயா அதைச் சின்னவளின் காதில் வைத்தாள். "இதோ" என்று சின்னவள் தட்டை இழுத்துக்கொண்டாள். பக்கத்திலேயே நின்ற அக்காவை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் போய்வந்தாள். மற்ற நாளெல்லாம் வேலை தேடினாள். இன்னும் கிடைக்கவில்லை. போன வாரம் காப்பாளர் பேசினார். குரலில் மரியாதை இருந்தது.

"உங்க தங்கச்சி நல்லா சாப்பிடறாம்மா. ஆனா நீங்க வந்துட்டுப் போனா ரெண்டு நாள் அழுது அடம் பிடிக்கறா. குரல் மட்டும் இருந்தா ஒரு தொந்தரவும் இல்ல. அதனால சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. இனிமே நீங்க சிரமப்பட்டு வர வேண்டாம்."

அண்ணன் வீட்டுப் பின்ரூமில் செல்போனைக் காதில் வைத்தபடி அவள் நின்றாள்.

"சரிங்க" என்றாள், ஆபீஸ் குரலில். "உங்கள் அழைப்புக்கு நன்றி."