நாடாவின் இரு நுனியும் சிவதேவி அக்காவும்

சிவதேவி அக்கா காலமான செய்தியை வேலிப் பொட்டுக்குள்ளால், அதாவது வேலியில் விழுந்த இடைவெளிக்குள்ளால், தலையை நீட்டிச் சொன்னவர் குணம் அண்ணை, என் பெரியப்பாவின் மகன். "அக்கா போயிட்டாவாம்." அந்தப் பொட்டு உண்டானதே அக்காவால்தான்.

நீர் வழங்கல் பொறியியலாளராக இருந்து ஓய்வுபெற்று, சண்டிலிப்பாயில் வாழ்ந்த அக்காவை உங்களில் பலர் அறிவீர்கள். கலியாண வீட்டிலும் மணவறையை விட்டுவிட்டுக் குழாயைப் பார்ப்பவர்.

நீர்வேலியில் என் கிணறு வீட்டு வளவில்; வாழைத்தோட்டமோ குணம் அண்ணையின் காணிக்கு அப்பால். வேலி ஒரு முழம் நகர்ந்த விவகாரத்தில் எங்களுக்குள் பல வருடமாகப் பேச்சில்லை. நகர்த்தியது யார் என்பதில் ஊரில் இன்றும் இரண்டு கட்சி. ஆகவே ஓர் அங்குலக் குழாயை ஒழுங்கைச் சந்து வழியே சுற்றி, முடக்குக்கு முடக்கு முழங்கைத் துண்டு பொருத்திக் கொண்டுபோனேன். கடைசி வரிசைக்குத் தண்ணீர் சொட்டியது. வாழை குலை தள்ளும் நேரம். அது வாடினால் அந்த வருடம் நாங்கள் என் நகைச்சுவைக் கட்டுரைகளை நம்பித்தான் சாப்பிட வேண்டும். வீட்டில் இதற்கு யாரும் சிரிக்கவில்லை. பெரிய மோட்டர் வாங்கப் புறப்பட்டேன்.

அன்று வீட்டுக்கு வந்திருந்த அக்கா மறித்தார். "ஒடுங்கின குழாய்க்குள்ளை விரட்டினால் தண்ணி சுவரிலை உரஞ்சியே களைச்சுப் போகும். மோட்டரைப் பெருப்பிச்சால் அந்த உரஞ்சல்தான் பெருக்கும்." குழாயை ஒன்றரை அங்குலமாக்கினால், அதே தண்ணீருக்கு இழப்பு ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகும் என்றார். ஒவ்வொரு முழங்கைக்கும் சில அடி நேர்க்குழாயைக் கணக்கில் கூட்டினார். பிறகு, நேர்வழியின் நீளம் தெரியாமல் கணக்கு முடியாது என்று, அளவு நாடாவின் ஒரு நுனியை என் கையில் தந்துவிட்டு, மறு நுனியோடு குணம் அண்ணையின் படலையைத் திறந்து போய்விட்டார்.

பார்த்தால், மறு நுனியைப் பிடித்தபடி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குணம் அண்ணை.

"இரண்டு பேரும் இறுக்கிப் பிடியுங்கோ. தொய்ஞ்சால் கணக்குப் பிழைக்கும்."

அண்ணை அளவை அக்காவிடம் சொன்னார். "எனக்குக் கேக்கேல்லை குணம். எழுதுறது அவர், அவருக்குச் சொல்லும்." அடுத்த ஒழுங்கைக் குசுகுசுப்பும் தப்பாத காது அது. அண்ணை வானத்தைப் பார்த்து, "நூற்றியெண்பது அடி" என்றார். நான் "ஓம்" என்றேன். சற்றுப் பொறுத்து அவரே சொன்னார்: "பலாவடியாலை வெட்டாதை, வேர் கிடக்கு. இஞ்சாலை கொண்டு வா."

குழாய் நேரே போனது. வாழை குலை தள்ளியது. குழாய்க்காக வெட்டிய வேலியை இருவருமே அடைக்கவில்லை.

இப்போது மனைவியும் மகளும் கோபித்துக்கொண்டு, ஒருவருக்குச் சொல்ல வேண்டியதை என்னிடம் சொன்னால், எனக்குக் கேட்பதில்லை. அக்காவின் கணக்கை மறந்துவிட்டேன். நாடாவையும் அன்றே திருப்பிக் கொடுத்தாயிற்று. அந்தக் கேளாத காதை மட்டும் நான் வைத்துக்கொண்டேன்.