இடது பக்கம் இழுத்த கார்

சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்ப்பது என் வேலை. பழுது பார்க்கிறவர்களுக்கு ஒரு திமிர் உண்டு. எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. பம்பு நின்றாலோ கன்வேயர் முரண்டு பிடித்தாலோ, "அந்தப் பொண்ணக் கூப்பிடு" என்பார்கள். நான் போய் ஒரு நிமிஷம் பார்த்து, 'ம்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு ஸ்பானரை எடுப்பேன். வீட்டிலும் மிக்ஸி முதல் தண்ணீர் மோட்டார் வரை என் பொறுப்புதான். அப்பேர்ப்பட்ட என்னை ஒரு பழைய கார் பந்தய விளையாட்டு நான்கு நாள் மூக்குடைத்தது.

முதலில் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கா கல்யாணமாகி பிரான்சுக்குப் போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. மாமாவுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை. ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் அது அதிசயமில்லை, தெருவுக்கு இரண்டு வீடு அப்படி. இரண்டு வருஷத்துக்கு முன் அம்மாவுக்கு முட்டியில் ஆபரேஷன் நடந்தபோது, அக்கா தினமும் போன் செய்து யோசனை சொல்லிக்கொண்டே இருந்தாள். இந்த மருந்தைக் கேள், அந்த டாக்டரைப் பார், காலுக்குக் கீழே தலையணை வை. மூன்று நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் கிடந்த எரிச்சலில் நான், "ஃபிரான்ஸ்ல உக்காந்துகினு ஆயிரம் சொல்லலாம். இங்க வந்து செஞ்சு பாரு, தெரியும்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். அதோடு எங்கள் பேச்சு நின்றது.

இந்த முறை உறவில் ஒரு கல்யாணத்துக்காகத் தனியாக வந்திருந்தாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இருவரும் அம்மா வழியாகப் பேசிக்கொண்டோம். "காபி வேணுமான்னு கேளும்மா" என்பேன். மூன்றடி தள்ளி நிற்கிற அக்கா, "வேணாம்னு சொல்லும்மா" என்பாள். எனக்கு அவளோடு பேச வேண்டும் போலிருந்தது. பொய் சொல்லவில்லை, ஏங்கிப் போயிருந்தேன். முதல் வார்த்தையை எங்கிருந்து எடுப்பது என்பதுதான் தெரியவில்லை. சனிக்கிழமை மதியம் அவள் கிளம்ப வேண்டும். இப்படியே போய்விட்டால் அடுத்து எப்போது வருவாளோ, அதற்குள் பேசாமலிருப்பதே எங்களுக்குப் பழகிவிடுமோ என்று பயமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வந்தேன். சாப்பிட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்ததும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அந்தக் கார் கேம் இன்னும் இருக்குதாடி?"

அம்மா வீட்டில் இல்லை. ஆகவே அக்கா என்னிடம்தான் கேட்டிருக்கிறாள்.

"இருக்குது" என்றேன். இருக்கிறதா என்று எனக்கே நிச்சயமில்லை. ஆனால் அந்த நேரத்தில் கடலில் மூழ்கியிருந்தாலும் எடுத்துக் கொடுத்திருப்பேன்.

பள்ளிக்கூட நாட்களில் நாங்கள் இருவரும் ஆடிய விளையாட்டு அது. திரை இரண்டாகப் பிரியும். மேல் பாதி அக்காவுக்கு, கீழ்ப் பாதி எனக்கு. ஒரே கீபோர்டை இருவரும் பங்கு போட்டு, முழங்கையால் இடித்துக்கொண்டு ஓட்டுவோம். நல்ல வேளையாக, பழைய சிடியிலிருந்து எப்போதோ அதை எடுத்து வைத்திருந்தேன். ஆனால் பழைய விளையாட்டைப் புதுக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது, எழுபது வயதுக்காரரை மெட்ரோ ரயிலில் ஏற்றுவது போன்றது. கதவு எங்கே, சீட்டு எங்கே என்று ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லிக் கூட்டிப்போக வேண்டும்.

முதல் நாள், பழைய விண்டோஸ் போலவே நடிக்கும்படி கம்ப்யூட்டருக்குச் சொல்லி விளையாட்டைத் திறக்க வைத்தேன். கீபோர்டு சரிப்படவில்லை, இருவர் சேர்ந்து நாலைந்து பட்டனை அமுக்கினால் ஒருவருடையது செத்துப்போகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் வேலையிடத்துத் தோழியும் கம்ப்யூட்டரில் கால்பந்து ஆட வைத்திருந்த இரண்டு கண்ட்ரோலர்களைச் சொருகினேன். விளையாட்டு அவற்றைக் கண்டுகொள்ளவே இல்லை. அக்கா வாசல்படியில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்திருக்கும்வரை போகவில்லை.

புதன்கிழமை நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தன் போனில் பிரெஞ்சுக்காரர்கள் இதே விளையாட்டைப் பற்றிப் புலம்பியிருந்ததைத் தேடி எடுத்தாள். "கேமத் தொறக்கறதுக்கு முன்னாடியே சொருவணுமாம். அப்புறமா சொருவுனா அதுக்குத் தெரியாதாம்" என்று மொழிபெயர்த்தாள். அப்படியே செய்தேன். விளையாட்டு கண்ணைத் திறந்தது. இருவரும் ஒரே நேரத்தில் "ஆ!" என்றோம். பிறகு இருவருக்கும் வெட்கமாகிவிட்டது.

அடுத்த வம்பு, கண்ட்ரோலரின் தோளில் இருக்கும் இரண்டு விசைகள். ஒன்று ஆக்சிலரேட்டர், ஒன்று பிரேக். அந்தப் பழைய விளையாட்டு இரண்டையும் ஒன்றாகவே கணக்கில் எடுத்தது. இரண்டையும் சேர்த்து அமுக்கினால் கார் எதுவுமே நடக்காதது போல நின்றது. ஆக்சிலரேட்டரைக் கட்டைவிரல் பட்டனுக்கு மாற்றினேன். உதவிக்கு அக்கா தன் லேப்டாப்பையும் திறந்தாள். அது அந்த ஊர்க் கீபோர்டு, க்யூ இருக்க வேண்டிய இடத்தில் ஏ உட்கார்ந்திருந்தது. ஒரு வரி தட்டுவதற்குள் எனக்குக் கை பின்னிக்கொண்டது. "நீ அங்க எப்டிதான் குடும்பம் நடத்துற?" என்றேன். அக்கா சிரித்துவிட்டாள். அலோர், அலோர் என்று நடுநடுவே அவள் போடுகிற அந்தப் பிரெஞ்சு 'அப்புறம்' கூட எனக்கு அன்றைக்கு இனித்தது. பழுது பற்றித்தான் பேசினோம், ஆனால் பேசினோம்.

வியாழக்கிழமை எல்லாம் தயார். பந்தயம் தொடங்கியது. அக்கா கார் அம்பு மாதிரிப் போனது. என் கார் இடது பக்கம் இழுத்து இழுத்து வேலியில் போய் உரசியது. வலது பக்கம் அழுத்திப் பிடித்தால்தான் நேராகப் போகும். கையை விட்டால் திரும்ப இடது பக்கம். கால்பந்தில் இப்படி ஒன்றும் இல்லை, ஆகவே குற்றம் விளையாட்டின் மீதுதான் என்று முடிவு கட்டினேன். அமைப்புகளை எல்லாம் புரட்டினேன், அழித்து மறுபடி ஏற்றினேன், அதைச் செய்தவனின் வம்சத்தையே திட்டினேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள் அக்கா. பிறகு, "ரெண்டு கண்ட்ரோலரையும் மாத்திப் போட்டுப் பாரேன்" என்றாள்.

தொழிற்சாலையில் முதல் நாள் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் அதுதான். சந்தேகமா, பாகத்தை மாற்றிப் போட்டுப் பார். அதை எனக்கே ஒருத்தி சொல்வதா? என் வாய் எனக்கு முன்னால் ஓடியது.

"ஃபிரான்ஸ்ல உக்காந்துகினு எல்லாத்துக்கும் யோசனை சொல்லுவ. இங்கயும் வந்து அதையே சொல்லு."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அக்கா போனை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். கதவைக்கூட அறையவில்லை. அன்றைக்கு ராத்திரி சோறு போடும்போது அம்மா மறுபடி நடுவில் நின்றாள். இரண்டு நாள் சேர்த்ததை ஒரு வாக்கியத்தில் கொட்டிக் கவிழ்த்துவிட்டேனே என்று சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்து வந்தவுடன், யாரும் பார்க்காதபோது, கண்ட்ரோலர்களை மாற்றிப் போட்டேன். என் கார் நேராக ஓடியது. மேல் பாதியில் அக்காவின் காரையும் நானே ஓட்டிப் பார்த்தேன், இப்போது அது வேலியில் உரசியது. கம்ப்யூட்டரில் கண்ட்ரோலரைச் சோதிக்கிற பக்கத்தைத் திறந்தேன். கையே வைக்காமல், நடுவில் நிற்க வேண்டிய புள்ளி கொஞ்சம் இடது பக்கமாக ஒதுங்கி நின்றது. ஸ்க்ரூ டிரைவர் எடுத்து முதுகைக் கழற்றினேன். திருப்புகிற குமிழுக்கு அடியில், வலது ஓரத்தில், மஞ்சளாக ஒரு கட்டி இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தேன். சந்தனம்.

ஆயுத பூஜை! வேலையிடத்தில் மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்துவிட்டு வந்த உற்சாகத்தில், வீட்டிலும் கிரைண்டர், ஸ்கூட்டி, கத்தரிக்கோல் என்று ஒன்று விடாமல் வைத்தேன். கண்ட்ரோலரும் ஆயுதம்தானே என்று அதற்கும் தாராளமாக, தண்ணீர் விட்டுக் குழைத்த சந்தனத்தில், ஒரு பெரிய பொட்டு. அது வழிந்து உள்ளே போய்க் காய்ந்து, குமிழை இடது பக்கம் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. புது விளையாட்டுகள் அவ்வளவு சின்னச் சாய்வைப் பெரிய மனசு பண்ணி விட்டுவிடும். பழையது விடாது, கைகாட்டிய பக்கம் போய்விடும். பாவம், அது மட்டும்தான் இரண்டு நாளாக உண்மை சொல்லிக்கொண்டிருந்தது.

தனியாகச் சிரித்தேன். பஞ்சும் ஸ்பிரிட்டும் எடுத்துச் சுத்தம் செய்து மூடிவிட்டு, 'நான் சரிபண்ணிட்டேன்' என்று ஒரு 'ம்' போட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. மனசு அந்தப் பக்கம்தான் போனது, மறைக்க மாட்டேன். ஆனால் நாளை மதியம் அக்காவைக் கூட்டிப்போகக் கார் வந்துவிடும்.

அக்கா உள்ளே பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். வைத்திக்குப்பத்தில் வாங்கிய கருவாட்டை ஐந்து உறை போட்டுச் சுற்றி, அப்படியும் வாசனை வருகிறதா என்று மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிரித்த கண்ட்ரோலரை அவள் முன்னால் நீட்டினேன்.

"அக்கா, கேம் மேல தப்பு இல்ல. நீ சொன்னாப்புல மாத்திப் போட்டேன். தப்பு என்னுது."

வாங்கிப் பார்த்தாள். முகர்ந்தாள். "இன்னாடி இது, சந்தனமா?" என்றாள். "கண்ட்ரோலருக்கா பொட்டு வெச்ச?" கருவாட்டைக் கையில் பிடித்தபடியே கட்டிலில் சரிந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இனிமேல் விட்டால் வராது என்று, அந்தச் சிரிப்போடு சிரிப்பாக, "அன்னிக்கி போன்ல சொன்னதும் தப்புதான்க்கா. நேத்து சொன்னதும்" என்றேன்.

அக்கா சிரிப்பை நிறுத்தினாள். "தப்புன்னா நான் மறந்திருப்பேன்டி" என்றாள். "நீ சொன்னது நெஜம். அதான் வலிச்சிது. அம்மா அப்டிக் கெடக்கறப்ப வர முடியல. யோசனையாவது சொல்லலாம்னுதான் சொல்லினே இருந்தேன். வேற இன்னா என் கையில இருந்துச்சி, சொல்லு."

இரண்டு வருஷமாக நான் அதை ஒரு தடவைகூட அந்தப் பக்கமிருந்து யோசித்ததில்லை. அவள் கருவாட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சனிக்கிழமை லீவு போட்டேன். காலையிலிருந்து ஓட்டினோம். பெட்டிகள் கூடத்தில் நின்றன, அம்மா இட்லியை ஊட்டாத குறையாக வாயில் திணித்தாள். மதியம் சென்னைக்குப் போகும் கார் வந்து ஹாரன் அடித்தபோது ஆளுக்கு ஆறு பந்தயம் ஜெயித்திருந்தோம். "அஞ்சு நிமிஷம்ண்ணே!" என்று அக்கா ஜன்னல் வழியாகக் கத்தினாள். கடைசிச் சுற்றில் என் கண்ணைக் கையால் மூடி ஜெயித்தாள். நாற்பதை நெருங்குகிற பொம்பளை! தெருவே கேட்கும்படி சண்டை போட்டுக்கொண்டே அவளைக் காரில் ஏற்றினேன்.

சாயங்காலம் விமான நிலையத்திலிருந்து போன் வந்தது. எப்போதும் போல அம்மாவிடம் பேசத்தான் என்று நினைத்து, "இரு, அம்மாகிட்ட தர்றேன்" என்றேன்.

"எதுக்கு?" என்றாள் அக்கா. "உன் நம்பருக்குத்தானடி அடிச்சேன்."