கிருபாநிதி வீட்டு அரிசி அறை

கிருபாநிதிக்குப் பேய் பயம் கிடையாது, பாம்பு பயம் கிடையாது, முதலாளி பயம்கூட அவ்வளவாகக் கிடையாது. தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் சரக்குக் கிட்டங்கியில் மேற்பார்வையாளராக இருந்து தலை நரைத்தவர். கப்பலில் வந்த தானிய மூட்டைகளுக்கு நடுவில் நல்ல பாம்பு படமெடுத்தபோது, மற்றவர்கள் லாரி மேல் ஏறி நிற்க, இவர் கம்பெடுக்கப் போனார். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு ஒரே ஒரு பயம் உண்டு. வீட்டில் அரிசி இல்லாமல் போய்விடும் என்ற பயம். இந்தக் காலத்தில் அரிசிக்கு யாராவது பயப்படுவார்களா என்று சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். அவர் வீட்டிலும் சிரிக்கத்தான் செய்தார்கள்.

எழுபதுகளின் நடுவில் அவர் சாத்தான்குளத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அப்பா மிஷன் பள்ளி வாத்தியார். மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடும், ஆனால் கடைக்கு அரிசி வராது. மழை பொய்த்துப்போன வருஷங்கள் அவை. அரிசியை ஊர்விட்டு ஊர் கொண்டுபோகக் கூடாது என்று வழியெல்லாம் சோதனைச் சாவடி. ரேஷன் கோதுமையும் மரவள்ளிக்கிழங்கும் தின்று நாக்கு செத்துப்போன ஒரு நாளில், அம்மா அவரையும் கூட்டிக்கொண்டு ஸ்ரீவைகுண்டம் போனாள். தெரிந்த வீட்டில் கெஞ்சிக் கூத்தாடிக் கொஞ்சம் அரிசி வாங்கி, துணிப்பையில் போட்டு, சேலைக்குள் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். சாவடியில் ஒரு போலீஸ்காரன் அவளை இறக்கினான். பையை அவிழ்க்கச் சொல்லி, வாங்கி, சேற்றில் கொட்டினான். வேதக்கோயிலில் முன்வரிசையில் பாய் விரித்து உட்காருகிற வாத்தியார் சம்சாரம், எல்லாரும் பார்க்க, மண்டி போட்டு அந்தச் சேற்றிலிருந்து அரிசியை அள்ளினாள். பஸ்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். கிருபாநிதி அவள் பக்கத்தில் நின்றார். அள்ளக் குனியக்கூட அவருக்கு உடம்பு வளையவில்லை. கையில் காசு இருந்தால் மட்டும் போதாது, வீட்டில் பண்டம் இருக்கவேண்டும் என்று அன்றைக்குப் பிடித்த பயம்தான் இது.

ஓய்வு பெற்று, தூத்துக்குடிக்கு வெளியே திருநெல்வேலி ரோட்டில் புதுக்கோட்டை என்கிற கிராமத்தில் வீடு கட்டிக் குடிவந்த பிறகு அந்தப் பயம் கொஞ்சம் அடங்கித்தான் கிடந்தது. இரண்டாயிரத்து இருபத்து மூன்று டிசம்பர் வெள்ளம் வந்து அதைத் தட்டி எழுப்பிவிட்டது. ரோடு அறுந்தது. கரண்ட் போனது. செல்போன் செத்தது. பணம் இருந்தவனும் இல்லாதவனும் ஒரு பால் பாக்கெட்டுக்கு ஒன்றாகக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். ஊரே அழுதபோது கிருபாநிதி, தான் சொன்னது சரியாகிவிட்டது என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். வெள்ளம் வடிந்ததும் வீட்டின் உள் அறையைக் காலி பண்ணி, கட்டிலைத் தூக்கி வெளியே போட்டு, இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பங்களை அடுக்க ஆரம்பித்தார். அடுக்கினார், அடுக்கினார், கூரையைத் தொடுகிற வரை அடுக்கினார்.

“எங்க வீட்டுக்காரரு நோவா மாதிரி. என்ன, பேழைக்குள்ள மிருகத்துக்குப் பதிலா சிப்பமா ஏத்துதாரு” என்று அவர் மனைவி அற்புதமணி கோயிலில் சொல்லிச் சிரிப்பாள்.

மகள் ஜெப்ஸி பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. மழைக்காலத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று வந்திருந்தாள். அவளுக்கும் அப்பாவுக்கும் தினசரி வழக்கு. சோப்பு தீர்ந்தால் போன், சட்னிக்குத் தேங்காய் இல்லையென்றால் போன், பசித்தால் போன்.

“ஏளா, அந்தக் காலத்துல எங்கம்மா அடுத்த மாசத்துக்கு இந்த மாசமே யோசிப்பா. நீ ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சாயங்காலம்கூட யோசிக்க மாட்டேங்க” என்பார் கிருபாநிதி.

“எதுக்குப்பா யோசிக்கணும்? போன்ல சொன்னா வாசல்ல வந்து நிக்கான்.”

“நிக்காத அன்னைக்கு?”

“அன்னைக்குத்தான் உங்க அரிசி மலை இருக்குல்லா.”

இந்த வருஷம் ஐப்பசி அடைமழையில் டிவியைத் திறந்தால் போர். எண்ணெய் விலை ஏறும் என்றான் ஒருவன், கப்பல் சுற்றிக்கொண்டு வருகிறது என்றான் இன்னொருவன். கிருபாநிதிக்கு இருப்புக் கொள்ளவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அந்தச் செய்திகளுக்கு நடுவில் அரிசி அறைக்குப் போய் ஒரு சிப்பத்தைப் பிரித்துப் பார்த்தார். உள்ளங்கையில் வண்டு ஊர்ந்தது. அடுத்ததைப் பிரித்தார். அதிலும் வண்டு. மழை ஈரத்தில் அறை முழுக்க வண்டு பிடித்திருந்தது. மண்டி போட்டு, சிந்திய அரிசியைக் கையால் கூட்டி அள்ளினார்.

கிட்டங்கியில் வண்டு விழுந்தால் மாத்திரை வைப்பார்கள். மூட்டைகளின் மேல் தார்ப்பாய் போட்டு மூடி, உள்ளே மாத்திரையை வைத்துவிட்டு, ஓரமெல்லாம் அடைத்துவிட வேண்டும். காற்றின் ஈரம் பட்டு அது விஷவாயுவாகி, வண்டிலிருந்து எலி வரை கொன்றுபோடும். மனுஷனையும் சேர்த்துத்தான். வேலையைவிட்டு வந்தபோது மீந்த மாத்திரையில் ஒரு டப்பாவைக் கிருபாநிதி வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். கொண்டுவரவே கூடாத சாமான் அது, அவருக்கே நன்றாகத் தெரியும். வீடு வேறு, கிட்டங்கி வேறு என்பதை மட்டும் அந்த மனுஷனின் பயம் மறைத்துவிட்டது. மாத்திரைகளை வைத்தார், தார்ப்பாயை இழுத்து மூடினார், ஜன்னலை ஒட்டினார், கதவிடுக்கெல்லாம் டேப் போட்டு ஒட்டினார். துவாரம் தேடி அடைப்பதே வாழ்நாளெல்லாம் தொழிலாக இருந்தவர், கூரைக்குக் கீழே, தாம் அடுக்கிய சிப்பங்களுக்குப் பின்னால் ஒரு காற்றுத் துவாரம் இருப்பதை மறந்துபோனார். அந்தத் துவாரத்தின் மறுபக்கம் ஜெப்ஸியின் அறை.

“வண்டுக்கு மருந்து வச்சிருக்கேன். நான் சொல்லுதவரை அந்தக் கதவ யாரும் தொறக்கப்படாது” என்றார்.

வேப்பிலையோ வசம்போ வைத்திருப்பார் என்று அற்புதமணி நினைத்துக்கொண்டாள். கேட்டிருக்கலாம். இந்த அரிசிப் பேச்சை எடுத்தாலே எழுபதுகளிலிருந்து ஆரம்பிப்பாரே என்று கேட்கவில்லை.

மறுநாளும் மழை. ஜெப்ஸி அறையின் ஜன்னலைச் சாத்தி, ஏசியைப் போட்டுக்கொண்டு வேலை பார்த்தாள். மத்தியானம் போனில் பிரியாணி வரவழைத்தாள். அம்மாவும் மகளும் அந்த அறையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கிருபாநிதி முன்னறையில் டிவிக்கு முன்னால், கஞ்சியும் துவையலுமாகத் தன் கொள்கையை நிலைநாட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் ஜெப்ஸி வாந்தியெடுத்தாள். நிற்காமல் எடுத்தாள். அற்புதமணிக்கும் தலை கிறுகிறுத்தது.

“சொன்னேன்லா? எவன் சட்டியில எப்பம் செத்த கோழியோ” என்று கத்தினார் கிருபாநிதி. மகள் துவண்டு கிடக்கிறபோதும் வாய் ஓயவில்லை. தான் ஜெயித்துவிட்ட சந்தோஷம் அந்தக் குரலில் இருந்தது என்று சொன்னால் அவர் மறுக்கமாட்டார்.

பக்கத்து வீட்டு மாசானம் ஆட்டோவை எடுத்தான். “நீங்க கூட்டிட்டுப் போங்க. நான் இதக் கழுவிப்போட்டுட்டுச் செத்த நேரம் படுக்கேன், எனக்கும் தலை சுத்துது” என்று அற்புதமணி வீட்டிலேயே இருந்துகொண்டாள்.

தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் ரீனா என்ற இளம் டாக்டர் பார்த்தார். என்ன சாப்பிட்டாள் என்று கேட்டதுதான் தாமதம், கிருபாநிதி ஆரம்பித்துவிட்டார். பிரியாணி, போன், இந்தக் காலத்துப் பிள்ளைகளின் கை ஓட்டை, அந்தக் காலத்துப் பஞ்சம் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். டாக்டர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே மகளின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை நகர்த்தினார்.

“வாந்தி சரி. ஆனா நெஞ்ச அடைக்குதுங்கறாங்க, மூச்சு வாங்குது. சாப்பாட்டுக் கோளாறுல இப்படி வராதே சார். வீட்டுல பூச்சிமருந்து ஏதும் அடிச்சீங்களா?”

கிருபாநிதிக்குக் கிட்டங்கிப் பாடம் ஞாபகம் வந்தது. முதலில் தலைசுற்றும், பிறகு வாந்தி வரும், நெஞ்சை அடைத்தால் ஓடு. இதைச் சுமைதூக்குகிறவர்களுக்குத் தினமும் வரிசையில் நிறுத்தி ஒப்பித்தவரே அவர்தான். இல்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. திருட்டு மாத்திரை. போலீஸ் வரும். பெற்ற பிள்ளைக்கு விஷம் வைத்தவன் என்று ஊர் சொல்லும். கட்டிலில் மகள் மூச்சுக்கு வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

“வண்டு மாத்திரை வச்சேன். அரிசிக்கு” என்றார்.

டாக்டரின் முகம் மாறியது. ஆக்சிஜன் வைக்கச் சொல்லிவிட்டுத் திரும்பினார். “வீட்டுல இப்ப வேற யார் இருக்கா?”

கிருபாநிதி நடைக்கு ஓடினார். போனை எடுத்து அற்புதமணியை அழைத்தார். மணி அடித்தது, அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தார். கழுவிப்போட்டுவிட்டு எங்கே படுத்திருப்பாள்? ஏசி இருக்கிற அறையில்தான். மாசானத்தின் மனைவி உமாராணியை அழைத்தார். அவள் போய்க் கதவைத் தட்டிவிட்டு, “உள்ளே தாப்பா போட்டிருக்கு மாமா. அத்தை அசந்து தூங்குதாவ போல. எழுப்பணுமா?” என்றாள்.

“கண்ணாடிய ஒடை தாயி. ஜெப்ஸி ரூம் ஜன்னல ஒடை. நீ உள்ள போயிராத, காத்து வரட்டும், ஆம்பளையள கூப்பிடு” என்று அழுதார். ஆஸ்பத்திரி நடையில் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆட்டோவில் போகிற வழியெல்லாம், கர்த்தாவே என்னை எடுத்துக்கொள்ளும் என்று மழையோடு மழையாகப் புலம்பிக்கொண்டே போனார்.

கதவை உடைத்து அற்புதமணியைத் தூக்கிவந்து, தெருவில் தார்ப்பாய் விரித்துக் கிடத்தியிருந்தார்கள். மழை முகத்தில் அடித்தும் கண் திறக்கவில்லை. மூச்சு இருந்தது. அதை மட்டும் உமாராணி திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அவளையும் அதே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மகள் சீக்கிரம் தேறிவிட்டாள். அம்மாவுக்குத்தான் இழுத்துக்கொண்டு கிடந்தது. இதற்கிடையில் முகமூடி போட்ட ஆட்கள் வந்து, அறையைத் திறந்து, அவ்வளவு அரிசியையும் ஏற்றிப்போய் ஊருக்கு வெளியே குழிதோண்டிப் புதைத்தார்கள். போலீஸ்காரர் விசாரித்தார், கிருபாநிதி ஒளிக்காமல் சொன்னார். வழக்கு வரட்டும், ஜெயில் வரட்டும், எதுவும் அவருக்குப் பெரிதாகப் படவில்லை. அற்புதமணி கண் திறந்தால் என்ன சொல்லுவாள் என்பது ஒன்றுதான் பயமாக இருந்தது. எதைச் சொன்னாலும் வாங்கிக்கொள்ளுவதென்று கட்டிலோரம் உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் அவள் கண் திறந்தாள். மகள் பிழைத்துவிட்டாளா என்று முதலில் கேட்டாள். பிழைத்துவிட்டாள் என்று பக்கத்துக் கட்டிலைக் காட்டினார்.

“அரிசிய என்ன செஞ்சிய?”

“பொதச்சாச்சு.”

“எல்லாத்தையுமா?”

அவர் தலையை ஆட்டினார். திட்டப்போகிறாள் என்று குனிந்துகொண்டார். அவள் திட்டவில்லை. ஊசி குத்தியிருந்த கையால் அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். அத்தனை நாளாக அவரை நோவா என்று சிரித்தவளின் கண்ணில் அவருடைய பயமே நின்றது. பக்கத்துக் கட்டிலில் துணைக்குப் படுத்திருந்த மகளுக்குக் கேட்டுவிடாமல் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“அப்பம் வீட்ல இப்பம் ஒரு மணி அரிசிகூட இல்லையா?”