ராஜா செத்தால் எந்தப் பட்டன்?

தூத்துக்குடியில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து நானும் என் கூட்டாளியும் ஒரு வீடியோ கேம் செய்துகொண்டிருந்தோம். பழைய கொற்கைத் துறைமுகத்தை ஆள வேண்டும். முத்தை விற்றுக் குதிரை வாங்க வேண்டும். பக்கத்து ராஜாக்களோடு ஒத்துப்போக வேண்டும். கப்பல் வழிகளை அவன் எழுதினான். வணிகமும் ராஜதந்திரமும் என் பொறுப்பு. கடற்கொள்ளைக்காரனிடம் சுங்கம் வாங்கலாமா கூடாதா என்று போன மாதம் ஆரம்பித்த சண்டையில் அவன் கோபித்துக்கொண்டு சொந்த ஊரான ஆலந்தலைக்குப் போய்விட்டான். ராஜதந்திரம் எழுதுகிறவனின் லட்சணம் அது.

அவன் போனதிலிருந்து என் கப்பல்கள் கரையேறி ஸ்ரீவைகுண்டம் வயல் வழியாகப் போயின. அந்த ஊர்க்காரியான என் மனைவி, இது கப்பலா கதிர் அறுக்கிற மெஷினா என்று கேட்டாள். அவன் வராவிட்டால் கேமும் இல்லை, இரண்டு வருஷ உழைப்பும் இல்லை. அதைவிட, மனசு விட்டுப் பேச எனக்கு வேறு ஆளும் இல்லை. ஆனால் முதலில் நான் கூப்பிடுவதா? நல்ல கதை.

விளையாடிப் பார்க்க ஆள் இல்லாததால் மனைவியை உட்கார வைத்தேன். நன்றாகத்தான் விளையாடினாள். திடீரென்று பக்கத்து நாட்டு ராஜா இறந்துபோனார் என்று திரையில் வந்தது. அவள் கையை எடுத்துவிட்டாள்.

"துஷ்டிக்குப் போவாண்டாமா? எந்தப் பட்டன அமுக்கணும்?"

துஷ்டி கேட்க, அதாவது சாவு வீட்டுக்குப் போய் விசாரிக்க, பட்டன் கிடையாது, வேண்டுமானால் ஒரு பெட்டி முத்து அனுப்பு என்றேன். சாவு வீட்டுக்கு யாராவது முத்து அனுப்புவார்களா என்று என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். அடுத்த சுற்றில் புது ராஜா குதிரை வியாபாரத்தை ரத்து செய்தான். கம்ப்யூட்டர் சும்மா சீட்டுக் குலுக்கிப் போட்டது அது. அவளோ, அவன் செய்தது சரிதான் என்று அவன் கட்சிக்கே போய்விட்டாள்.

எரிச்சலோடு அந்தப் பட்டனையும் செய்து வைத்தேன். வைத்த அன்றே இன்னொரு ராஜாவுக்கு விஷம் கொடுத்து, துஷ்டிக்கு முதல் ஆளாகப் போய் நின்று, குதிரையைப் பாதி விலைக்கு வாங்கினாள். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அப்போதுதான் கேட்டாள்.

"உங்க கூட்டாளியோட அப்பா செத்ததுக்கு நீங்க போனீங்களா?"

நாலு மாதத்துக்கு முன்பு, கும்பிடுகிற கை படம் ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். அதைச் சொன்னேன். பைக் சாவியை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

ஆலந்தலையில் அவன் என்னை வா என்று சொல்லவில்லை; ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தள்ளிவிட்டான். ராஜாக்களுக்கு நாற்பது வகை வசனம் எழுதியவன் நான். ஒன்றுகூட வாயில் வரவில்லை. கடைசியில், அப்பாவுக்கு என்ன செய்தது என்று கேட்டேன். மீன்பிடிக்க வள்ளத்தில் ஏறப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னான். எனக்கு வெட்கமாக இருந்தது. அவன் சொல்லி முடிக்கும்வரை கேம் என்று ஒன்று இருப்பதே நினைப்பில் இல்லை.

துஷ்டி வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது; பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். நானும் அப்படியே எழுந்து பைக் வரைக்கும் போய்விட்டேன். அவன் பின்னாலேயே வந்தான்.

"ஏலே, சொல்லிட்டுப் போ."

"போயிட்டு வாரேன்" என்றேன்.

"எப்ப? வரும்போது லேப்டாப்ப எடுத்துட்டு வா."